பாதி விலை வண்டி

பேருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து சலவைக் கம்பெனிக்கு நெடுஞ்சாலை ஓரமாக நடக்க வேண்டும். நடைபாதை என்று ஒன்று கிடையாது. லாரிகள் உரசிக்கொண்டு போகும். ஒவ்வொன்று கடக்கும்போதும் காற்று அவளைப் பள்ளத்துப் பக்கம் தள்ளும். மழை பெய்துவிட்டால் சேறு இடுப்பு வரை அடிக்கும். அந்தக் கோலத்தில் உள்ளே நுழைந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளை விரிப்பில் கை வைக்காதே என்று சூப்பர்வைசர் விரட்டுவார். கழுவிக்கொண்டு வந்தால் லேட் என்று சம்பளத்தில் பிடிப்பார்.

வேலைக்குச் சேர்ந்து மாதங்கள் ஓடியும் கம்பெனியில் அவளைப் ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு ரோலரில் வேலை. நீராவியில் கொதித்துக்கொண்டே சுற்றும் பெரிய உருளை அது. ஈர விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை ரோலர் அக்கா பிடிப்பாள். இரண்டு பேரும் விறைப்பாக இழுத்து உருளைக்குள் விட்டால், அந்தப் பக்கம் சுடச்சுட, காகிதம் மாதிரி வந்து விழும். அந்த இயந்திரத்தில் ரொம்ப நாளாக நிற்பதால் அக்காவுக்கு அந்தப் பெயர். வாயில் பூட்டுப் போட்டவள் மாதிரி இருப்பாள். ‘இழு’, ‘விடு’, ‘பாத்து’ இந்த மூன்றைத் தவிர அவள் பேசிப் புதுசு அதிகம் கேட்டதில்லை.

ஒரு நாள் லாரிக்கு ஒதுங்கப் போய்ப் புதுசு பள்ளத்தில் விழுந்தாள். முழங்கால் தோல் வழன்று, நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். அக்கா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிவிட்டாள்.

“ஒரு வண்டி வாங்கிக்கோயேன்.”

“வண்டி விக்கிற விலைக்கு என்னையத்தான் விக்கணும் அக்கா.”

அக்கா முடிச்சை இறுக்கினாள். “ஒருத்தி விக்கிறா. சின்ன ஸ்கூட்டர். பூப்போல வச்சிருந்தா. பாதி விலைக்குக்கூடத் தருவா. வீடு சொல்றேன், போய்ப் பாரு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லாத.”

புதுசுவின் கணவன் முட்டை வேன் ஓட்டுகிறவன். விடிவதற்குள் கிளம்பினால் மாலையில்தான் வருவான். அதனால் வண்டி பார்க்க மாமனார்தான் துணைக்கு வந்தார். அவர் ஆயுள் முழுக்க ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நின்றவர். ஒரு வண்டியும் ஓட்டியதில்லை. ஆனால் வாசலில் நின்ற அத்தனை வண்டியையும் பார்த்தவர் என்பதால், தனக்குத் தெரியாத வண்டி உலகத்திலேயே இல்லை என்பார்.

“பாதி விலைன்னா பாதி வண்டிதாம்மா இருக்கும். நீ வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. வண்டியை மாடிப்படிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். விற்கிறவளுக்கும் புதுசுவின் வயதுதான் இருக்கும். முழுக்கை சட்டை போட்டிருந்தாள். இடது கை முழுவதும் சட்டைக்குள்ளேயே இருந்தது. அவளுடைய அம்மா சாவியோடு பின்னால் நின்றாள்.

துணியை விலக்கினார்கள். நீல நிற வண்டி. சீட்டில் ஒரு கிழிசல்கூட இல்லை. மாமனார் டயரை இரண்டு உதை உதைத்தார். ஹாரனை அடித்துப் பார்த்தார். பெட்ரோல் மூடியைத் திறந்து மூக்கை வைத்து மோந்தார்.

“எஞ்சின் கொஞ்சம் இளைச்சிருக்கே” என்றார்.

“இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல ஐயா” என்றாள் விற்கிறவள்.

“பாத்தாலே தெரியுதேம்மா.”

அவளுடைய அம்மாகூடச் சிரித்துவிட்டாள். சாவியைப் போட்டதும் வண்டி ஒரே அழுத்தலில் கிளம்பியது. புதுசு அதைத் தெரு முனை வரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் வண்டியை ஓட்டியதோடு சரி, இருந்தும் கை மறக்கவில்லை. திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் விலை ஏறும் என்று மாமனார் கண்ணால் அதட்டினார்.

“இவ்வளவு நல்ல வண்டிய ஏம்மா தள்ளிவிடுற? ஓட்டப் பயமா?” என்று கேட்டார்.

“பயமெல்லாம் இல்ல ஐயா. பின் பிரேக்கைப் பிடிக்கக் கை வேணும்ல.”

அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தட்டையாக, பளபளவென்று, வெந்து ஆறிய தோல். அதில் கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது.

மாமனார் தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

புதுசு பார்வையைத் தாழ்த்தினாள். படிக்கட்டில் கிடந்த வெள்ளைத் துணியின் மூலையில் நீல நூலால் தைத்த இரண்டு எழுத்துகள். தினமும் அவள் கையால் உருளைக்குள் போகிற அதே எழுத்துகள். கிழிந்து கழித்த விரிப்புகளை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் வீட்டிலும் ஒன்று கிடந்தது.

“நீங்க சலவைக் கம்பெனியிலயா இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டாள்.

விற்கிறவள் அவளை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். “நீ அங்கதான் இருக்கியா? எங்க நிக்கிற?”

“ரோலர்ல.”

“இடது முனையா, வலது முனையா?”

“இடது.”

“அப்போ என் இடம்.” அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். “நான் எங்க போனேன்னு சொன்னாங்க?”

“கல்யாணமாகிப் போயிட்டதா சொன்னாங்க.”

“மாப்பிள்ளைய எனக்கும் ஒரு தடவை காட்டியிருக்கலாம்” என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை. “அக்காதானே உன்னை இங்க அனுப்புனாங்க?”

புதுசு அந்தத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

“சொல்லாதன்னு சொல்லியிருப்பாங்க. பரவால்ல.” அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். “உருளைக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை அதுல இடிச்சா மெஷின் நின்னுடும். தடிச்ச விரிப்பு வந்தாலும் நின்னுடும். நிக்க நிக்க வேலை தேங்கும், சூப்பர்வைசர் கத்துவாரு. அதனால ஒரு நாள் கம்பியத் தூக்கித் துணியால கட்டினோம். நான் பிடிச்சேன், அக்கா முடிச்சுப் போட்டாங்க. யாரையும் குத்தம் சொல்லல. ஆனா கை போனப்புறம் விசாரிச்சாங்கல்ல, அப்போ அக்கா, கம்பி ஒழுங்கா கீழதான் இருந்துச்சு, அவதான் மேல வழியா கைய விட்டான்னு சொல்லிட்டாங்க. அதோட எனக்கு வர வேண்டிய நஷ்டஈடு எதுவும் வராம போச்சு. நானும் லேபர் ஆபீசுக்கு மனு மேல மனு போடறேன். ஆள் வருவாங்க வருவாங்கன்னுதான் சொல்றாங்க.”

அவள் நிமிர்ந்தாள். “இப்பவும் கம்பியக் கட்டித்தான் வச்சிருக்கீங்களா?”

“எந்தக் கம்பி?” என்று கேட்டாள் புதுசு.

பேரம் எதுவும் நடக்கவில்லை. வீட்டில் சேர்த்ததும், முட்டைக்கடை முதலாளியிடம் கணவன் வாங்கிய முன்பணமும் அப்படியே கை மாறின. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. விற்கிறவளே அதைக் கண்டுபிடித்த மாதிரி, “எடுத்துட்டுப் போ. சும்மா நின்னா துருதான் பிடிக்கும். எங்களுக்கும் காசு வேணும்” என்றாள். வீட்டுக்குப் போகும்போது மாமனார் பின்சீட்டில் உட்கார்ந்து, “பாத்துப் போம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். அவரை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை லாரிகளோடு லாரியாக அவளும் ஓடினாள். காற்று இப்போது அவளைத் தள்ளவில்லை. சேறு படாத காலோடு, எல்லோருக்கும் முன்னால் போய் ரோலர் முன் நின்றாள். உருளையின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டத்தில் கம்பி மாட்டுகிற துளைகள் மட்டும் இருந்தன. மேலே பச்சை பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். தினமும் அவள் இடுப்பு உரசுகிற இடம் அது.

“வண்டி நல்லா ஓடுதா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா வந்தாள்.

“கம்பி எங்க அக்கா?”

அக்கா விரிப்பின் முனையை எடுத்தாள். “இழு” என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில், துவைக்க வந்த மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அக்கா வாயைத் திறந்தாள். “அப்போ என் பொண்ணு நிறைமாசம். மருமகன் விட்டுட்டு ஓடிட்டான். வீட்டுல உலை வைக்கிறது என் ஒருத்தி சம்பாத்தியம். ‘கம்பி கட்டியிருந்துச்சுன்னா கட்டுனது யாரு’ன்னு மேனேஜர் கேட்டாரு. அந்த ஒரு கேள்விதான். என் நாக்கு புரண்டுடுச்சு. அதுக்கப்புறம் கட்டுற வேலையே வேண்டாம்னு கம்பியவே கழட்டிட்டாங்க.” சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து புதுசு உருளைக்கு ஒரு சாண் தள்ளி நின்றே விரிப்பை விட்டாள். சுருக்கம் விழுந்தது. மடிக்கிற பக்கத்துப் பெண்கள், “புதுசு இன்னும் பழசாகலையா?” என்று கேலி பேசினார்கள். பிறகு திட்டவே செய்தார்கள். வேறு வேலைக்குப் போகலாம் என்று கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். முன்பணம் அடைகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்றான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. மெல்ல மெல்ல, தனக்கே தெரியாமல், அவள் பழைய இடத்துக்கே நகர்ந்துவிட்டாள்.

கை போனவளின் மனுவுக்குக் கடைசியில் உயிர் வந்தது. தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்த அன்றே ஃபிட்டர் வந்து உருளைக்கு முன்னால் புதுக் கம்பியைப் பொருத்தினார். சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி, “கேட்டா எப்பவும் இருக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அவங்கவங்க சோத்துல அவங்கவங்களே மண்ணள்ளிப் போட்டுக்காதீங்க” என்றார்.

மறுநாள் வந்தவர் கழுத்தில் துண்டு போட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கேயாவது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் போதும் என்பது போல இருந்தது அவர் முகம். கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். உருளை நின்றது. தலையாட்டிவிட்டுப் புதுசு பக்கம் திரும்பினார்.

“நீ சேர்ந்ததுல இருந்தே இது இருக்காம்மா?”

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா விரிப்பின் முனையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி அவளுக்குத்தான் போகும், முதலில் சொன்ன பொய்யும் வெளியே வந்துவிடும். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் அக்காவின் மகள் நினைவுக்கு வந்தாள். முட்டைக்கடை முதலாளி நினைவுக்கு வந்தார். அந்தத் தட்டையான கையும் நினைவுக்கு வரத்தான் செய்தது.

“எப்பவும் இருக்கு சார்” என்றாள் புதுசு, தலையைக் குனிந்துகொண்டு.

அவர் நகரப்போனார்.

“இல்ல சார்” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “நேத்து மாட்டுனது. அதுக்கு முன்னாடி இருந்ததை நாங்கதான் கட்டி வச்சோம். முடிச்சுப் போட்டது நான். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்.”

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வந்தார். வந்தவர் துண்டை மடித்துப் பையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அவர் உண்மையிலேயே கேட்க ஆரம்பித்தார்.

மறுநாள் அக்காவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பி இருந்தது. அதை இனி யாரும் கழற்றத் துணிய மாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கை போனவளின் மனுவைத் திரும்ப விசாரிப்பார்கள் என்றார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. புதுசுவை யாரும் எதுவும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் அவளைப் பார்க்கும்போது முன்னைவிட நன்றாகவே தலையாட்டினார். அதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டில் மாமனாரிடம் கம்பி போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். மருமகள்தான் தைரியமாக எழுந்து நின்று கேட்டாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு, தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். “வண்டி பாக்கப் போனப்பவே அவ மூஞ்சியப் பாத்தேன். சும்மா விட மாட்டான்னு அப்பவே தெரியும்” என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் நின்றாள். அப்படி இல்லை மாமா என்று சொல்ல இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது.

மாதக் கடைசியில் ஒரு காலை, பெட்ரோல் பங்க் தாண்டியதும், ரோட்டோரத்தில் அக்கா நடந்து போவதைப் பார்த்தாள். பாக்கிச் சம்பளத்தை வாங்க வரச் சொல்லியிருந்தார்கள் போல. லாரிக் காற்றில் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்து ஓரமாக நடந்தாள். புதுசு வண்டியை நிறுத்தினாள்.

“ஏறுங்க அக்கா.”

அக்கா நின்று வண்டியைப் பார்த்தாள். முன் சக்கரத்திலிருந்து பின் விளக்கு வரை ஒரு பார்வை. “நல்லாத்தான் வச்சிருக்க” என்றாள். “இதுல நான் ஏற மாட்டேன்மா. நீ போ.”

“அக்கா, அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது…”

“எனக்காகத்தான் சொன்ன. தெரியாதா எனக்கு?” அக்கா முந்திக்கொண்டாள். “அன்னைக்கு நான் நின்ன மாதிரியே நின்ன. அதே இடம், அதே மாதிரி தலையக் கவுத்துக்கிட்டு. அதைத்தான் என்னால பாக்க முடியல.”

“இப்போ வீட்டுல என்ன பண்றீங்க?”

“பண்றதுக்கென்ன இருக்கு. வீட்டு வேலைக்குக் கேட்டிருக்கேன்.” தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “போ, சங்கு ஊதிடுவான். உனக்குச் சம்பளத்துல பிடிக்கப்போறாங்க.”

அவள் நடக்க ஆரம்பித்தாள். புதுசு கொஞ்ச தூரம் வண்டியை உருட்டிக்கொண்டே பக்கத்தில் போனாள். பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் வண்டியும் நிற்க அந்த ஓரத்தில் இடம் இல்லை. புதுசு ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள்.