மடக்கிய விரல்

வானத்தில் வந்தது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அது பாவாயியின் சாமைக் கொல்லையில் ஒரு கதிரைக்கூட மிதிக்கவில்லை. மிதித்ததெல்லாம் பூட்ஸ் கால்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

வெள்ளிமலையில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் அவள் கொல்லை வரும். ஒன்றரை ஏக்கர். புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. உழுததும் விதைத்ததும் களையெடுத்ததும் பன்றிக்குக் காவல் கிடந்ததும் அவள் ஒருத்திதான். அந்தச் சாமைதான் வருஷம் முழுக்கச் சோறு, அடுத்த வருஷத்துக்கு விதையும் அதுவே.

புரட்டாசிக் கடைசியில் கதிர் தலைசாய்ந்து நின்றது. ஒரு சாயங்காலம், பொழுது இறங்கும் நேரத்தில், மலைக்கு மேலே வெள்ளையாக உருண்டையாக என்னவோ வந்து நின்றது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெல்ல இறங்கி, அவள் கொல்லைக்கும் அப்பால், மொட்டைப் பாறைக்குப் பின்னால் மறைந்தது. ஊரில் பத்துப் பேராவது பார்த்தார்கள். அதிகாரிகள் வந்து கேட்டபோது ஒன்பது பேருக்கு வாய் கட்டிப்போயிற்று. பார்த்தேன் என்று உண்மையைச் சொன்ன ஒரே பைத்தியக்காரி பாவாயி.

மூன்றாம் நாள் விமானப்படையின் விசாரணைக் குழு வந்து இறங்கியது. ஆறு பேர், பெட்டி பெட்டியாகக் கருவிகள். தலைவர் விஜயராகவன் திருக்கோவிலூர்க்காரராம். தமிழ் பேசுகிற மனுஷன் என்றதும் பாவாயிக்குச் சந்தோஷம்கூட.

"எங்கம்மா இறங்குச்சு? கையைக் காட்டுங்க."

கதிர் பிடித்த கொல்லைக்கு நேரே அந்த மலையில் யாரும் விரல் நீட்ட மாட்டார்கள். பிஞ்சைச் சுட்டினால் அழுகும், கதிரைச் சுட்டினால் பதராகும். காட்டியே தீரவேண்டுமென்றால் விரல்களை மடக்கிக்கொண்டு விரல் முட்டியால் காட்டுவார்கள். பாறைக்கு முன்னால் அவள் சாமை நின்றது. அவளும் விரலை மடக்கி முட்டியைத்தான் நீட்டினாள்.

"தோ, அந்தப் பக்கமுங்க."

முட்டி எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கீழே இருந்து வந்தவருக்கு என்ன தெரியும்? தெரியாவிட்டால் இன்னொரு தரம் கேட்க வேண்டியதுதானே! கேட்கவில்லை. கைக்கு நேரே முதலில் தெரிந்த நிலத்தைக் குறித்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் கொல்லையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். மண்ணைச் சோதிக்க வேண்டுமாம், முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாதாம்.

பாவாயி அலறிக்கொண்டு ஓடினாள். "ஐயா, இங்க இல்லீங்க! அப்பால, பாறைக்குப் பின்னால!"

"முதல்ல இங்கன்னு காட்டுனீங்க. இப்ப அங்கங்கறீங்க. அன்னைக்குச் சாராயம் கீராயம் குடிச்சிருந்தீங்களா?"

மலைக்காரர்கள் வாயைத் திறந்தாலே போதும், கீழே உள்ளவர்களுக்குச் சாராய நாற்றம் அடித்துவிடும். பாவாயிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அவர் முகத்துக்கு நேரே போய் வாயை ஊதினாள். "மோந்து பாருங்க! நல்லா மோந்து பாருங்க! கூழு வாசனதான் வரும்."

விஜயராகவன் இரண்டடி பின்னால் போய், சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று எழுதிக்கொண்டார்.

சாமை யாருக்காகவும் காத்திருக்காது. முற்றிய கதிர் எட்டு நாள் தாங்கினால் பெரிய விஷயம். ஆறாம் நாள் கருக்கரிவாளோடு நாடாவைத் தாண்டினாள். காவலுக்கு நின்ற இரண்டு சிப்பாய்கள் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஆயுதத்தோடு வந்தாள் என்று அதையும் எழுதினார்கள். சாமை அறுக்க அரிவாளோடு வராமல் சீப்போடா வருவார்கள்? கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். ராணுவ விஷயத்தில் தலையிட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்துக் கொல்லை ஐயப்பன் சமாதானம் சொல்ல வந்தான். "வுடு பாவாயி, பெரிய எடத்து விவகாரம்."

"உன்னுத அறுத்து வூட்ல சேத்துட்ட, சொல்லமாட்ட? நீயும்தான பாத்த? அவன் கேக்கறப்ப வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த?"

ஐயப்பன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

ஐப்பசி பிறந்ததும் காற்றும் மழையுமாக இரண்டு நாள் ஊற்றித் தள்ளியது. மணியெல்லாம் சேற்றில் உதிர்ந்தது. தாள் கறுத்துப் படுத்தது. பாவாயி நாடாவுக்கு வெளியே நனைந்துகொண்டே நின்று பார்த்தாள்.

மழை விட்டதும் விஜயராகவன் கோப்போடு வந்தார். நாடாவைச் சுருட்டச் சொன்னார்.

"ஒண்ணுமே கிடைக்கலம்மா. நீங்க பார்த்தது நட்சத்திரமா இருக்கும். பார்வைக் கோளாறுன்னு முடிச்சிட்டோம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

பாவாயி கொல்லையைப் பார்த்தாள். குனிந்து ஒரு கதிரை உருவினாள். கையில் வெறும் உமி. அதை உதறிவிட்டு நிமிர்ந்து, வலது கையை நீட்டினாள். இந்தத் தடவை மடக்கவில்லை. ஆள்காட்டி விரல் அந்தக் கொல்லைக்கு மேலே நேராக நீண்டது.

விஜயராகவன் விரல் போன வழியே பார்த்தார். மொட்டைப் பாறையின் உச்சியில், பின்பக்கமிருந்து காற்று தூக்கிப் போட்ட, வெடித்த பெரிய பலூன் போல வெள்ளையாக என்னவோ கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தது. அதன் கயிற்று முனையில் சின்னதாக ஒரு பெட்டி தொங்கியது.

அவர் கோப்பை மூடினார். குரல் இறங்கிப்போயிற்று. "அன்னைக்கே இப்படி விரலை நீட்டிக் காட்டியிருக்கலாமேம்மா?"

பாவாயி விரலை மடக்காமல் அப்படியே அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"அன்னிக்குக் கதிர் நின்னுக்கினு இருந்துச்சுடா."