உர்ராக்கா, ஃபெனியா?

செஃபெரினோ எங்கள் லேபுக்குக் கொண்டுவந்த பாட்டிலின் மூடி கோணலாக இருந்தது. லேபிள் நனைந்துபோய் பெயரை மட்டும் படிக்க முடிந்தது. ஆனால் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. சிந்திய பாட்டில் எப்படி நிறையும்? எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"வழியில சிந்துச்சா?"

"ஃபெரி ஆடுச்சு மேடம். கொஞ்சம்தான்."

"அப்புறம் என்னத்த ஊத்தினீங்க?"

"ஒண்ணும் ஊத்தல."

பக்கத்தில் அவர் மனைவி கித்தேரியா, கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலில், சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டுக் கொடுத்திருந்தது அவள் கழுத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டி. புற்றுநோயா வேறேதாவதா என்று அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். எடுக்கும்போதே ரத்தம் நிற்காமல் பயமுறுத்தியதால், மறுபடி கழுத்தைத் திறக்க முடியாது என்று சர்ஜன் கைவிரித்திருந்தார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே துண்டுதான்.

உள்ளே டாக்டர் சுலக்ஷா காமத் பாட்டிலைப் பார்த்ததுமே சோர்ந்துவிட்டார். "நேத்து மத்தியானத்துலேர்ந்து தண்ணியில கிடந்திருந்தா, இந்த ஏப்ரல் வெயிலுக்கு அழுகியே போயிருக்கும் அல்சீரா. ஒரு தடவ மோந்துதான் பாரேன், ஃபார்மலினா தண்ணியான்னு தெரிஞ்சிடும்."

"மோந்து பாக்கிறவளுக்கு என் மேசையில வேலை இல்ல டாக்டர்."

மட்காவ் ஊரில் எங்கள் லேபுக்கு வருகிற எல்லோருக்கும் நான் 'முகமூடி அல்சீரா'. நான் மாஸ்க்கோடுதான் தூங்குகிறேன் என்றுகூடக் கேலி பேசுவார்கள். பேசட்டும். புகை உறிஞ்சும் கூண்டுக்குள் பாட்டிலைத் திறந்து, துண்டை எடுத்து, பிளேடை வைத்தேன்.

அழுகிய சதை பிளேடுக்கடியில் குழையும். இது குழையவில்லை. ஓரமெல்லாம் வெளுத்து, அவித்த முட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. தண்ணீர் இந்த வேலையைச் செய்யாது; சாராயம் செய்யும். எனக்குப் பொறி தட்டியது. கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"உர்ராக்கா, ஃபெனியா?"

செஃபெரினோவின் காது சிவந்தது. கித்தேரியா மெதுவாகத் திரும்பினாள். "கோயில்ல மாதா முன்னாடி என்ன சத்தியம் பண்ணினே?"

"கித்தேரி, நான் குடிக்கல, சத்தியமா..."

"இன்னொரு சத்தியமா?"

"சண்டையை வீட்ல போடுங்க," என்றேன். "உர்ராக்னா முந்திரிப் பழத்தோட முதல் வடிப்பு, முக்காவாசி தண்ணி. உள்பக்கம் கெட்டுப்போயிருக்கும். ஃபெனின்னா எனக்கு வழி இருக்கு. எது?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை பொய் சொன்னபோதுகூட அவ்வளவு ரோஷம் வரவில்லை. "உர்ராக்கா? லிம்கா கலந்து சின்னப் பசங்க குடிக்கிறத நான் வெச்சிருப்பேனா? என் கையால ரெண்டு தடவ காய்ச்சின முந்திரி ஃபெனி. தீக்குச்சி காட்டினா நீலமா எரியும். ஸ்கூட்டர் சீட்டுக்கடியில இருந்துச்சு. சதை காஞ்சிடக் கூடாதேன்னு முழுசா ஊத்திட்டேன்."

அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. அதைச் செய்யாமல் திட்டிவிட்டு உள்ளே போனேன்.

சாராயத்தில் இறுகிய சதைக்கு வழக்கமான பக்குவம் ஆகாது. நல்ல ஃபார்மலினில் ஓர் இரவு முழுக்க ஊறப்போட்டேன். ஈரத்தை இழுக்கிற ஆல்கஹால் குளியலைக் குறைத்து, பிறகு மெழுகில் பதித்தேன். அப்படியும் மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோமில் முதல் சீவல்கள் அப்பளமாக நொறுங்கின. டாக்டர் வாசலில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தார். மெழுகுக் கட்டியை ஐஸ் தண்ணீரில் முகம் நனைய வைத்தேன். சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றினேன். சீவல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக இறங்கியது. வெந்நீர்த் தொட்டியில் அது சுருக்கமில்லாமல் விரிந்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சாயமேற்றிய ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு டாக்டர் நாற்காலியோடு பின்னுக்கு வந்தார். "புத்துநோய் இல்ல! டீபி. கிருமியே தெரியுது, வந்து பாரு." நீலத்தின் நடுவே சிவப்புச் சின்னக் குச்சிகள். பிறகு அவர் குரல் இறங்கியது. "நீ திறந்தப்போ இதுல பாதியாவது உயிரோட இருந்திருக்கும். நல்லவேளை, மோந்து பாக்கல."

"இனிமே முகமூடின்னு யாராவது சொல்லட்டும்," என்றேன்.

இருவரையும் வரவழைத்து முடிவைச் சொன்னதும் கித்தேரியா முதலில் நம்பவில்லை. "மாத்திரையில சரியாயிடுமா? முடி கொட்டாதா? சாக மாட்டேனா?" மூன்றுக்கும் டாக்டர் பதில் சொல்லி, துண்டைக் காப்பாற்றியது அந்த ஃபெனிதான் என்றும் சொன்ன பிறகுதான் அழுதாள். செஃபெரினோ மூலையில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இங்க வா," என்றாள் கித்தேரியா. "இன்னொரு பாட்டில் எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

"கோழிக்கூண்டுக்குப் பின்னால."

"வீட்டுக்குப் போனதும் எடு. தொடச்சு, மாதா சிலைக்குப் பக்கத்துல வை."