ஜெனரலின் வெல்வெட் திண்டு

பதக்கம் வாங்கிய அதிகாரி இறந்தால், சவப்பெட்டிக்கு முன்னால் அவருடைய பதக்கங்களைக் கறுப்பு வெல்வெட் திண்டில் குத்தி எடுத்துப்போவார்கள். போர் நடந்தபோது கெர்லிண்டெயும் அழுதுகொண்டே அப்படி ஒரு திண்டு தைத்து வைத்தாள். ஆனால் அவள் கணவர், ஜெனரல் ரோலோஃப், சாகவில்லை. சிறை முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஜெர்மனியின் செல்லே நகரத்துக்குத் திரும்பிவந்தார். திண்டு அடுப்பருகே போயிற்று. மின்கா என்ற பூனை அதைத் தன் பட்டா நிலமாக்கிக்கொண்டது.

முதல் உலகப்போரில் பொடியன் லெப்டினன்டாக நுழைந்த ரோலோஃப், இரண்டாவது போரில் பல ஆயிரம் வீரர்கள் கொண்ட ஒரு டிவிஷனுக்கே தலைவர். ரஷ்யாவில் ஓர் ஆற்றங்கரையை விடாமல் பிடித்து நின்றதற்கு வீரச்சிலுவை என்ற பெரிய பதக்கம் கிடைத்தது. போர் முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து அரசு ஒரு சட்டம் போட்டது: ஹிட்லர் சின்னத்தை நீக்கிய புதுச் சிலுவையை வாங்கி அணியலாம். பழைய நண்பர்கள் கடைக்கு ஓடினார்கள். ரோலோஃப் நகரவே இல்லை. கெர்லிண்டெக்கு அதில் வருத்தம்தான். ஜெனரலின் மனைவி என்ற பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வருடம் படுக்கையில் விழுந்த பிறகு அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தங்கரையைப் பிடிச்சதுக்குச் சிலுவை குடுத்தாங்க. அதே வாரம் பின்னாடி இருந்த கிராமத்தைக் கொளுத்தினோம். ரெண்டு உத்தரவுலயும் என் கையெழுத்துதான், கெர்லி. அந்தச் சிலுவை என் பெட்டிக்கு முன்னாடி போகவேண்டாம்."

அவள் சரி என்றாள். சொன்னபோது முழு மனசு இல்லை.

சாவுக்குக் கர்னல் ஹார்ட்விக் வந்தார். ரோலோஃபின் கீழ் வேலை பார்த்தவர், அவரைத் தகப்பன் மாதிரி நேசித்தவர். அவளிடம் திண்டை வாங்கிப்போய், தன் காசில் வாங்கிய புதுச் சிலுவையைக் குத்தி, கல்லறைக் கோயிலில் ஏந்தி நின்றார். கெர்லிண்டெக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேசாமல் விட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்கவேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

அவள் போய் ஊசியைக் கழற்றி, சிலுவையைக் கர்னலின் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெறும் திண்டை நான் தூக்கமாட்டேம்மா. அவரை அவமானப்படுத்துற மாதிரி இருக்கு," என்றார் கர்னல். அவர் கண் கலங்கியிருந்தது.

"நீங்க தூக்கவேண்டாம். குடுங்க."

அவளே ஏந்திக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தாள். பழைய வீரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் திண்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள். நடுவில் பூனை படுத்த பள்ளம், அதில் கர்னல் எவ்வளவு துடைத்தும் போகாத சாம்பல்நிற முடி.

வீட்டுக்கு வந்ததும் திண்டை அடுப்பருகே போட்டாள். மின்கா ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்து, அவருடைய நாற்காலியைப் பார்த்தது. அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் கெர்லிண்டெக்கு வந்தது.