முப்பத்தெட்டாம் காட்சி

ரஷீதா திரைக்கதையைக் கதையாகப் படிப்பதே இல்லை. சென்னையிலிருந்து வந்த யூனிட் அவளைச் சேர்த்துக்கொண்டதே, ஒவ்வொரு வரியையும் பிய்த்துப் பார்த்து, அது படமாவதற்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லத்தான். 'மழை பெய்கிறது' என்று எழுதியவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். தண்ணீர் லாரிக்காக அந்தமானின் மாயாபந்தர் முழுக்க அலைவது இவள்.

அன்று காலை, மாற்றி எழுதிய முப்பத்தெட்டாம் காட்சி கைக்கு வந்தபோது, படகுகள் கட்டும் ஜெட்டியில் அதன் ஷூட்டிங் தொடங்கிவிட்டது. ரோட்டோரம் நின்ற வேனில் டீயும் கையுமாக உட்கார்ந்து படித்தாள்.

'படகு கவிழ்கிறது. அவள் மூழ்கி எழுகிறாள். கையை உயர்த்துகிறாள். கரையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஒரே ஷாட்.'

அந்த 'அவள்' ரஷீதாவின் தங்கை ஷாஹிதா. யூனிட் உள்ளூர்ப் பெண்ணைத் தேடியபோது சிபாரிசு செய்ததே இவள்தான். பழைய காட்சியில் ஷாஹிதா படகில் சும்மா உட்கார்ந்து போக வேண்டும், அவ்வளவுதான். நீச்சல் தெரியுமா என்று இயக்குநர் மகேஷ்குமார் கேட்டிருக்கவே மாட்டார். தீவில் பிறந்தவள் நீந்தாமல் என்ன செய்வாள் என்பது மெயின்லேண்ட்காரர்களின் நினைப்பு. கேட்டிருந்தாலும் அந்தக் கழுதை தெரியும் என்றுதான் சொல்லியிருக்கும். அவள் சுனாமி வருஷம் பிறந்தவள். அதற்குப் பிறகு வாப்பா இரண்டு பெண்களையும் கடலில் காலை நனைக்கக்கூட விட்டதில்லை.

வழக்கம்போல ரஷீதா காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நன்றாக நடித்தால் மூழ்குவாள், எழுவாள், கையை உயர்த்துவாள். நிஜமாகவே மூழ்கினால்? அதையேதான் செய்வாள். பார்த்துக்கொண்டு நிற்கும்படி கரையில் இருப்பவர்களுக்கும் எழுதிவைத்தாயிற்று. டீ எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் ஓடினாள்.

ஜெட்டியில் மூச்சுச் சத்தம் இல்லை. படகு கவிழ்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி ஒரு கை மேலே வந்தது, போயிற்று. மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் மகேஷ்குமார், "பின்றாடா இந்தப் பொண்ணு" என்று முணுமுணுத்தார்.

காவலுக்கு நிறுத்தியிருந்த நீச்சல்காரர் பொன்னுத்துரையின் தோளை ரஷீதா பிடித்து உலுக்கினாள். "குதிங்கண்ணே! அவளுக்கு நீச்சல் தெரியாது!"

"அரே, சும்மா இரும்மா. சாப் கட் சொன்னாத்தான் இறங்கணும்னு ஆர்டர். ஷாட் கெட்டுப்போனா என்னையத்தான் திட்டுவாங்க."

மறுபடி கை வந்தது. இம்முறை விரல்கள் மட்டும்.

"கட்!" தொண்டை கிழியக் கத்தினாள் ரஷீதா. "கட்! கட்!"

இயக்குநரைத் தவிர யாரும் சொல்லக் கூடாத சொல். அதற்கே காத்திருந்த பொன்னுத்துரை, பழக்கதோஷத்தில், சொன்னது யார் என்று யோசிக்காமல் பாய்ந்தார். நல்ல ஷாட் முடிந்தால் தட்டுவதுபோல யூனிட் கைதட்டியது. மகேஷ்குமார் மட்டும் எழுந்து, "எவ கட் சொன்னது?" என்று கத்தினார்.

பொன்னுத்துரை வெறுங்கையோடு மேலே வந்தார். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அவர் மறுபடி முங்கினார். யா அல்லா, யா அல்லா என்பதைத் தவிர ரஷீதாவின் வாயில் எதுவும் வரவில்லை. வாப்பாவிடம் என்ன சொல்வேன் என்ற பயத்தில் தண்ணீர் விளிம்புவரை இறங்கி நின்றாள்.

இம்முறை அவர் கையில் ஷாஹிதா இருந்தாள். தூக்கி வந்து படியில் கிடத்தி, முதுகில் ஓங்கித் தட்டினார்கள். அவள் தண்ணீரைக் கக்கினாள். இருமினாள். சிவந்த கண்களால் கூட்டத்தைத் துழாவி இயக்குநரைக் கண்டுபிடித்தாள்.

"ஷாட் ஓகேவா சார்?"

ரஷீதா அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அறைந்த கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, ஊர் பார்க்க ஓவென்று அழுதாள்.