எதைக் கேட்டாலும் ஆமா

போலீஸ் என்ற வார்த்தையைத் தலைமையாசிரியை வாய்விட்டே சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளி நூலகத்தில் திரைச்சீலைக்கு யாரோ தீ வைத்திருக்கிறார்கள். "நீதானே?" என்று கேட்டதும் சுண்டு ஆமா என்று சொல்லியிருக்கிறாள்.

சுண்டு என் தங்கை மகள், என்னிடம் வளர்கிறாள். பதினோரு வயது, பார்த்தால் ஏழுதான் சொல்வீர்கள். இவளை வயிற்றில் சுமந்தபோது தங்கை குடித்தாள், அது குழந்தையின் மூளையைப் பாதித்துவிட்டது என்றார் டாக்டர். தங்கையைத் திட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். பயப்படவே நேரம் போதவில்லை.

"அவ பொய் சொல்லல டீச்சர். ஞாபகத்துல ஓட்டை இருக்கு. நீங்க என்ன குடுக்குறீங்களோ அதை வச்சு அடைச்சுக்குவா."

"செய்யாதத யாராவது ஒத்துக்குவாங்களாம்மா?"

சுண்டுவை நூலகத்தில் பார்த்ததாகச் சொன்ன இரண்டு பெரிய பையன்களும் அறையில்தான் இருந்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"சுண்டு, நேத்து மழைய பெய்ய வச்சது நீதானே?"

"ஆமா பெரியம்மா."

"எப்படி?"

"வாளியில."

பையன்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீதானேன்னு கேக்காதீங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம் எங்க இருந்தன்னு மட்டும் கேளுங்க. பதில் வர நேரமாகும், பொறுங்க" என்றேன்.

கேட்டார். பொறுத்தார். வெகுநேரம் கழித்து, "நர்ஸக்கா ரூம்ல. மூக்குல ரத்தம்" என்றாள் சுண்டு. நர்ஸை அழைத்துக் கேட்டார்கள். உண்மைதான். தீப்பிடித்தபோது இவள் அங்கேதான் படுத்திருந்தாள்.

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று வெளியே வந்தோம். வாசலில் அந்தப் பையன்கள் நின்றிருந்தார்கள்.

"சுண்டு, என் பர்ஸ எடுத்தது நீதானே?"

"ஆமாண்ணா."

ஒருவன் மற்றவன் முதுகில் தட்டிச் சிரித்தான். அவளைக் காப்பாற்ற நான் காட்டியதை அவர்கள் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். தெருமுனையில்தான் கவனித்தேன், என் பிடியில் அவள் மணிக்கட்டு சிவந்துபோயிருந்தது. பதறிக் கையை விட்டேன்.

"வலிக்குதாம்மா?"

"ஆமா."

"வலிக்கலதானே?"

"ஆமா பெரியம்மா" என்று அவள் சிரித்தாள்.