விருந்தாளி வேகம்

திரையில் அவள் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நின்றது.

"ஹலோ? கேட்குதாம்மா? உங்க குரல் விட்டு விட்டு வருது."

அவள் மூன்றாம் முறையாகப் பதிலைத் தொடங்கினாள். வெளியூரில் ஒரு பெரிய இணைய நிறுவனம். வாடிக்கையாளர்களுக்கு மாத டேட்டா அளவு வகுத்து, மீறினால் வேகத்தைக் குறைக்கும் பிரிவில் வேலை. அதைப் பற்றிக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். சொன்னாள். அங்கே போய்ச் சேரவில்லை.

"லைனைப் பார்த்துக்கிற வேலைக்கு வர்றீங்க," என்றார் நேர்காணல் செய்தவர். "உங்க வீட்டு லைனே இப்படி இருந்தா எப்படிம்மா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது. பிறகு திரை இருண்டது.

வீட்டுக்கு இணைப்பு தரும் சொந்த நிறுவனத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாள். வறண்ட குழாயில் தண்ணீர் சொட்டுவது போல அது வந்து சேர்ந்தது. அவள் கணினியின் பெயருக்கு எதிரே 'விருந்தாளி' என்றிருந்தது, இருப்பதிலேயே குறைந்த வேகம். நேர்காணல் நடந்துகொண்டிருந்தபோதே யாரோ மாற்றியிருக்கிறார்கள். அவளைத் தவிர மாற்றக்கூடியவன் கொழுந்தன் ஒருவன்தான்.

அவளும் கணவனும் சேர்ந்து ஊரில் தொடங்கிய இணைய நிறுவனம் அது. அவன் கம்பம் ஏறிக் கேபிள் இழுத்தான். யாருக்கு எவ்வளவு, எப்போது குறைப்பது என்ற விதிகளை எல்லாம் அவள் எழுதினாள். அலுவலகத்துக்கு வந்து காத்திருப்பவர்கள் ஒரு செய்தி படிக்கும் அளவுக்குக் கொடுத்தால் போதும் என்று 'விருந்தாளி' வகுப்பை வைத்தவளும் அவள்தான். கணவன் இறந்த பிறகு முதலாளி நாற்காலியில் கொழுந்தன் உட்கார்ந்தான். வேலை மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்து, சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது.

"சம்பளமா? நீங்க என்ன வெளியாளா அண்ணி?" என்றான் அப்போது. "இதுவும் வீட்டு வேலை மாதிரிதானே."

தனி சிம் எதற்கு என்று மாமியார் அவள் கைப்பேசியையும் வீட்டு இணைப்போடு கட்டிப்போட்டிருந்தாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்த கொழுந்தன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "என்ன அண்ணி, கோட்டா முடிஞ்சிருச்சு போல?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

"புருஷன் போனப்புறம் பொம்பளைக்கு ஊரு விட்டு ஊரு என்னடி வேலை?" என்றாள் மாமியார். "நாலு பேரு நம்மளைத்தானே காறித் துப்புவாங்க. இவன் நல்லதுக்குத்தான் செஞ்சான்."

"அம்மா, விடும்மா. வர்ற மாசம் கம்பெனியை வாங்கிக்க ஆளு வர்றாங்க. அதுவரைக்கும் சிஸ்டம் ஓடணும். அண்ணி எங்கயும் போகக் கூடாது." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அப்புறம் எங்க வேணா போகட்டும்."

அவள் கரண்டியைக் கழுவி, துடைத்து, கொக்கியில் மாட்டினாள். அழவில்லை. அழுவதற்கு இந்த வீட்டில் எப்போதும் அளவு இருந்தது. வஞ்சத்துக்கு யாரும் அளவு வைத்திருக்கவில்லை.

கொழுந்தனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வீட்டு இணைப்புக்கு அளவே கிடையாது என்று அவன் நினைத்திருந்தான். பிறப்போடு வந்தது போல. உண்மையில் அது ஒரு விலக்கு. மாதம் பிறந்தால் காலாவதியாகிவிடும். "விலக்கு வேணும்னா ஒவ்வொரு மாசமும் ஒருத்தன் வாயைத் திறந்து கேட்கணும். தானா வந்துட்டே இருந்தா திமிராயிடும்" என்று சொல்லி அதை எழுத வைத்தவன் அவள் கணவன். அவன் போன பிறகு, யாரும் கேட்காமலே, மாதம் தவறாமல் அவள் அதைப் புதுப்பித்து வந்தாள்.

மாதம் பிறந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை.

நிறுவனத்தை வாங்க அந்த மாதக் கடைசியில் வந்தது ஒரு பெண் பொறியாளர். நரைத்த குட்டை முடி, அதிகம் பேசாதவர். அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஹாலில் பெரிய திரைக்கு முன்னால் கொழுந்தன் நிமிர்ந்து நின்றான்.

"நம்ம ஸ்பீடை நேர்லயே பாருங்க மேடம்."

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என் சீரியலும் நேத்துலேருந்து இப்படித்தான் பம்பரமா சுத்துது," என்றாள் மாமியார்.

பிறகு திரையில் ஒரு படம் வந்தது. கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் கொழுந்தன். கீழே, 'உங்கள் மாத அளவு முடிந்தது. எங்களிடம் எல்லோரும் சமம்!' அளவைத் தாண்டிய வாடிக்கையாளர்களுக்குப் போகும் அறிவிப்பு. படத்தை வைக்கச் சொன்னவனும் அவன்தான்.

பொறியாளர் வாய்விட்டுச் சிரித்தார். "முதலாளி வீட்டையும் விடலையே! நான் பார்த்த கம்பெனியில எல்லாம் ஓனருக்குன்னு ஒரு பின்வாசல் இருக்கும். இந்த விதியை எழுதினது யாரு?"

கொழுந்தன் ஒரு கணம் சமையலறைப் பக்கம் பார்த்தான். "நான்தான் மேடம். ரூல்னா எல்லாருக்கும் ரூல்."

"அருமை. ஒரு அஞ்சு நிமிஷத்துக்கு அந்த அளவை விலக்கிக் காட்டுங்களேன்."

அவன் கைப்பேசியை எடுத்தான். அவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. ஒரு பெயரைத் தொட்டுக் கீழே இழுத்துவிடுவது. வீட்டின் பெயரைத் தொட்டான். இழுத்தான். திரையில் அவன் சிரிப்பு கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஓரத்தில் 'விருந்தாளி' என்று எழுத்துகள் வந்தன.

"அண்ணி!"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது... கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"எனக்கென்ன தெரியும் தம்பி? வீட்டு வேலை செய்றவ."

பொறியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இவங்க யாரு?"

"அவ எங்க வீட்டு..." என்று இழுத்தாள் மாமியார்.

"இதை எழுதினவ மேடம்," என்றாள் அவள். குரல் நடுங்கியது. ஆனால் விட்டு விட்டு வரவில்லை. "இவரோட அண்ணன் கேபிள் இழுத்தாரு. விதியெல்லாம் நான் எழுதினது. இன்னைக்கு வரைக்கும் நடத்துறதும் நான்தான்."

பொறியாளர் சோபாவில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். "வந்து உட்காருங்கம்மா. உங்ககிட்டதான் பேசணும்."

அந்தச் சோபாவை அவள் தினமும் துடைத்திருக்கிறாள். உட்கார்ந்தாள்.

"அண்ணி," கொழுந்தன் பல்லைக் கடித்தான். "முதல்ல அதை ஏத்தி விடுங்க."

"விலக்கு வேணும்னா கேட்டு வாங்கணும் தம்பி. உங்க அண்ணன் வச்ச விதி."

மாமியார் மகனின் கையைக் கிள்ளினாள். "கேளேன்டா."

அவன் தொண்டையைச் செருமினான். "தயவு செஞ்சு... விலக்கு குடுங்க அண்ணி."

அவள் திரையில் உடைந்து நின்ற சிரிப்பை நிதானமாகப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் பார்க்கலாம்," என்றாள்.