திட்டு வாங்கும் வேலை

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாருக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். தன் சலவைக் கடையில் மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசியே வளர்ந்த தொண்டை அது. கல்யாணமான நாள் முதல் அந்தத் தொண்டைக்குப் பயந்து அடக்க ஒடுக்கமாகத்தான் அங்கே இஸ்திரி போட்டு வந்தேன். ஏழாம் மாத ஸ்கேனுக்குப் பிறகு நானே வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்றார் டாக்டர். பல குழந்தைகளுக்கு இப்படி இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அசைவைக் கவனியுங்கள், குறைந்தால் உடனே வந்துவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து ஒரு கை இஸ்திரிப் பெட்டியில், மறு கை வயிற்றில்.

அப்போதுதான் ஒரு பேண்ட்டில் கவனப்பிசகாக இரட்டை மடிப்பு விழுந்தது. பழைய மடிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அண்ணி பிடிபிடியென்று பிடித்தார். வயிற்றுக்குள் குழந்தை தாம்தூம் என்று குதித்தது.

பிறகென்ன? மனசு பதைக்கும்போதெல்லாம் ஒரு பேண்ட்டுக்கு இரட்டை மடிப்பு போட்டேன். அண்ணி கத்துவார், குழந்தை உதைக்கும், நான் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்குவேன். கொடி விஷயம் தெரிந்தால் கத்துவதை நிறுத்திவிடுவாரே என்று அவரிடம் மூச்சு விடவில்லை. கணவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன்.

என் கணவர் ஓர் ஓட்டைவாய். ஒன்பதாம் மாதம் தன் அக்காவிடம் உளறிவிட்டார். அண்ணி ஒரே நாளில் தேனாக மாறிவிட்டார். அன்று மதியம் வயிறு கம்மென்று இருந்தது. பயத்தில் ஒரு பேண்ட்டுக்கு மூன்று மடிப்பு போட்டு நீட்டினேன். பரவாயில்லை கண்ணு, உட்கார் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் பதிக்கும் பெல்ட்டை வயிற்றில் கட்டினார்கள். இதயத் துடிப்பு கேட்டது, ஆனால் அசைவில்லை. குழந்தை அசைந்தால் துடிப்புக் கோடு மேலே எழும்ப வேண்டுமாம், அது ஏற்றமே இல்லாமல் தட்டையாக ஓடியது. கொஞ்ச நேரம் பார்க்கலாம், மாறாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

"அண்ணி, என்னைத் திட்டுங்க," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். இந்த நேரத்தில் எனக்கு எப்படித் திட்ட வரும் என்றார். வேறு வழியில்லாமல் போட்டு உடைத்தேன்.

"அந்த இரட்டை மடிப்பு எல்லாமே வேணும்னுதான் போட்டேன் அண்ணி. நீங்க கத்தினா குழந்தை உதைக்குது."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"வேணும்னு போட்டியா? அத்தனையும் திரும்ப நனைச்சுத் தேச்சது யாருடி? என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சே, உன் கண்ணுக்கு அது தெரியலையா?"

வார்டே அதிர்ந்தது. நர்ஸ் ஓடிவந்து சத்தம் போடக்கூடாது என்றார். உள்ளே ஓர் உதை விழுந்தது. இன்னொன்று. கோடு மேலே எழும்பியது. காகிதத்தைப் பார்த்த டாக்டர் நர்ஸைக் கையமர்த்தினார்.

"அவங்க திட்டட்டும்."

அண்ணிக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. கடைக்கு நான் வந்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அடுத்த வாரம் பெண் பிறந்தாள். கழுத்தில் தளர்வாகக் கிடந்த கொடியை டாக்டர் விரலால் விலக்கிவிட்டாராம். அண்ணி அவளை மடியில் வாங்கி வெகுநேரம் முகத்தையே பார்த்தார். கொஞ்சப் போகிறார் என்று நினைத்தோம்.

"அந்தப் பேண்ட்டுக்கெல்லாம் நீதான்டி இந்த அத்தைக்குப் பதில் சொல்லணும்," என்றார்.

மகள் அவர் மடியிலேயே ஓர் உதை விட்டாள்.